முன்னோரா, பங்காளியா? குழாய் இல்லாத் தாவரங்களின் வாழ்க்கைச் சுழற்சி

இடவப்பாதி பெய்யத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாள் ஆனால் போதும், திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தின் பழைய வெட்டுகல் மதில்களில் சிவப்பு மறைந்து பச்சை ஏறிவிடும். லட்சுமி வராகர் கோவிலைச் சுற்றிய தெருக்கள், குளத்துப் படிக்கட்டில் வெயில் படாத மூலைகள், கிணற்றடி, தென்னை மரத்தின் அடிப்பாகம் என்று எங்கும் அதே பச்சை. திருவனந்தபுரத்துக்கு ஜூனில் இடவப்பாதி என ஒரு மழைக்காலம், அக்டோபர் நவம்பரில் துலாவர்ஷம் என இன்னொரு மழைக்காலம். ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை இரண்டு தவணையாக வந்து சேர்வதால் இந்தப் பச்சை முழுதாகச் சாவதற்கு நேரமே கிடைப்பதில்லை. வழுக்குகிறது, சுரண்ட வேண்டும், பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்பதோடு அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அந்தப் பச்சையில் ஒரு பகுதி நுண்பாசி. மெத்தென்று திட்டுத் திட்டாக இருப்பவை மாஸ்கள். ஈரத்தில் தட்டையாகப் படர்ந்து மண்ணோடு ஒட்டிக் கிடப்பவை ஈரல்செடிகள். தட்டையான உடலிலிருந்து பச்சைக் கொம்பு நீட்டுபவை கொம்புச்செடிகள். இந்த மூன்று குலங்களும் சேர்ந்ததே பிரையோஃபைட்டு என்னும் பெரும் பிரிவு. உலகில் சுமார் 20,000 இனங்கள். நிலத்தாவரங்களில் பூக்கும் தாவரங்களுக்கு அடுத்த பெரிய கூட்டம் இதுதான். இந்தியாவில் மட்டும் 2,500க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. நீரை மேலே கொண்டுசெல்லும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் இவற்றுக்கு இல்லை. அதனால்தான் குழாய் இல்லாத் தாவரங்கள் என்கிறோம்.

பள்ளிப் பாடநூல் இவற்றைப் பாசிக்கும் பெரணிக்கும் நடுவில் ஒரு படியில் நிறுத்துகிறது. நீரிலிருந்து கரையேறிய தாவரம் முதலில் இப்படி இருந்தது, பிறகு வேரும் குழாயும் பெற்றுப் பெரணியானது, பிறகு விதை பெற்று மரமானது என்பது அந்தப் படிக்கட்டின் கதை. நூறு ஆண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் இந்தக் கதை சரிதானா? மதிலில் இருப்பது மரங்களின் முன்னோரா, அல்லது ஒரே பாட்டன் வழியில் வந்து தனிக்குடித்தனம் போன பங்காளியா? இதற்கான விடை இவற்றின் வாழ்க்கைச் சுழற்சிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சுழற்சியிலிருந்தே தொடங்குவது முறை.

உடல் முழுவதும் குடிக்கும் செடி

திருவனந்தபுரத்து மதில்களிலும் கலுங்குகளிலும் மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய மாஸ் ஹையோஃபிலா இன்வொலூட்டா. ஒரு சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது. கோடையில் பார்த்தால் கரும்பழுப்பாக, செத்துப்போனது போலத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்து நோக்கினால் ஒவ்வொரு இலையும் இரு ஓரமும் உள்நோக்கி மடங்கி, வெற்றிலைச் சுருள் போல இறுகியிருப்பது புலப்படும். அதன்மேல் இரண்டு சொட்டு நீர் விட்டுக் காத்திருங்கள். இலையின் அடிப்பக்கம் முதலில் அசையும், ஓரங்கள் விலகும், சிறிது நேரத்தில் நாக்கு வடிவ இலைகள் விரிந்து பச்சை நிறம் திரும்பும். அந்த நீர் வேர் வழியாகப் போகவில்லை. இலையின் பெரும்பகுதி ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. நீர் பட்ட இடத்திலேயே ஒவ்வொரு செல்லும் நேரடியாகக் குடித்துவிடுகிறது.

மாமரம் தன் உடலுக்குள் நீரைச் சேமித்து, வெளியே மெழுகுப் பூச்சுப் போட்டு, வறட்சியை எதிர்த்து நிற்கிறது. மாஸ் அந்தப் போராட்டத்துக்கே போவதில்லை. காற்று காய்ந்தால் தானும் காய்கிறது, காற்று நனைந்தால் தானும் நனைகிறது. காயும்போது வளர்சிதை மாற்றத்தை அனேகமாக நிறுத்திவிட்டு, செல்சவ்வுகளும் புரதங்களும் சிதையாமல் காத்துக்கொள்கிறது. நனைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்தத் திறன் எல்லா இனத்துக்கும் ஒரே அளவில் இல்லை. காட்டோடை ஓரத்து ஈரல்செடி சில நாள் வறட்சியிலேயே மடியும். வெயில் மதிலின் மாஸ் மாதக்கணக்கில் தாங்கும். அன்டார்க்டிகா அருகே சிக்னி தீவில், நிரந்தர உறைபனிக்குள் 1,500 ஆண்டுகளுக்கு மேல் புதைந்திருந்த மாஸ் திட்டிலிருந்து மீண்டும் தளிர் வந்ததை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

வேருக்குப் பதில் இவற்றுக்கு இருப்பவை ரைசாய்டுகள் எனும் மெல்லிய வேரிகள். அவற்றின் முதன்மை வேலை பற்றிக்கொள்வது. அதனால்தான் மண்ணே இல்லாத கல்லிலும் மரப்பட்டையிலும் ஓட்டிலும் இவற்றால் குடியிருக்க முடிகிறது. தென்னை மரத்தில் வெண்பச்சைத் தலையணைகளாக ஒட்டியிருக்கும் ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம் கேரளத்தில் பரவலான ஒரு மாஸ். அதன் தடித்த இலையில் பச்சையச் செல்களுக்கு மேலும் கீழும் வெற்றுச் செல் அடுக்குகள் உண்டு. அவை நீரைப் பிடித்து வைப்பதால்தான் அந்த வெளிறிய நிறம்.

குழாய் இல்லாமைக்கு ஒரு விலையும் உண்டு. உயரமாக வளர முடியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதியின் டாசோனியா சுபெர்பா அரை மீட்டர் உயரம் தொடும். மாஸ் உலகில் அதுவே பேருரு. அதன் தண்டில் நீரைக் கடத்தும் தனிச் செல்கள் இருக்கின்றன, ஆனால் லிக்னினால் கெட்டிப்பட்ட உண்மையான சைலம் இல்லை. ஆக, மாஸ் குட்டையாக இருப்பதும் காய்ந்து மீள்வதும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள்.

ஒரு வாழ்வில் இரு உடல்கள்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மருத்துவராக இருந்த யோஹான்னஸ் ஹெட்விக், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணோக்கியில் மாஸ்களை ஆராய்ந்து, அவற்றுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்று காட்டினார். அவர் மறைந்தபின் 1801இல் வெளிவந்த நூலிலிருந்துதான் மாஸ்களின் அறிவியல் பெயர்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அதே நகரில் ஐம்பது ஆண்டு கழித்து வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் இன்னொரு அடி முன்னே வைத்தார். குடும்பத்தின் இசைநூல், புத்தக வியாபாரத்தில் இருந்தவர், பல்கலைக்கழகத்தில் படிக்காதவர், முப்பது வயது நிரம்பாதவர். மாஸ், பெரணி, ஊசியிலை மரம் மூன்றிலும் இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன என்று 1851இல் அவர் நிறுவினார். 1894இல் ஸ்ட்ராஸ்பர்கர் இதைக் குரோமோசோம் எண்ணிக்கையோடு இணைத்தார். ஒரு தலைமுறையின் செல்லில் ஒரு தொகுதிக் குரோமோசோம், அடுத்த தலைமுறையின் செல்லில் இரண்டு தொகுதி.

மனித உடலின் செல்களில் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு தொகுதிகள் உள்ளன. மாமரத்திலும் அப்படியே. மதிலில் நாம் காணும் பச்சை மாஸின் செல்லில் இருப்பதோ ஒரே தொகுதி. பாலணுக்களை உண்டாக்கும் இந்த ஒற்றைமடிய உடலுக்குக் கேமீட்டகத் தாவரம் என்று பெயர். பிரையோஃபைட்டுகளில் இதுதான் உணவு ஆக்கி, வளர்ந்து, நீண்ட காலம் வாழ்ந்து, குடும்பத்தையே தாங்குவது. மரங்களிலும் இத்தலைமுறை உண்டு, ஆனால் மகரந்தத்துக்குள்ளும் சூலுக்குள்ளும் சில செல்களாகச் சுருங்கிவிட்டது. நிலத்தாவரங்களில் ஒற்றைத் தொகுதி உடல் கோலோச்சுவது பிரையோஃபைட்டுகளில் மட்டுமே.

ஒரு மாஸின் சுழற்சியை ஸ்போரிலிருந்து தொடர்வோம். ஸ்போர் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவே இருக்கும் ஒற்றைச் செல். ஈரத்தில் விழுந்து முளைத்ததும் நேரே செடி வருவதில்லை. முதலில் புரோட்டோனீமா என்னும் பச்சை இழை கிளைத்துப் பரவுகிறது. மழை தொடங்கிய முதல் வாரத்தில் மதிலில் படரும் மெல்லிய பச்சைப் படலத்தில் பாசி இழையோடு இதுவும் கலந்திருக்கும். குறுக்குச் சுவர் சாய்வாக இருந்தால் அது மாஸ் இழை என்று நுண்ணோக்கியில் பிரித்தறியலாம். அந்த இழையில் மொட்டுகள் தோன்றி, ஒவ்வொரு மொட்டும் இலைகள் கொண்ட ஒரு தண்டாக எழுகிறது. ஒரே ஸ்போரிலிருந்து பல தண்டுகள் எழுவதால்தான் மாஸ் எப்போதும் கூட்டமாகத் தெரிகிறது.

தண்டின் நுனியில் உறுப்புகள் உருவாகின்றன. ஆந்த்ரீடியம் ஆண் உறுப்பு. நீண்ட கழுத்தும் அடியில் ஒரே முட்டையும் கொண்ட ஆர்க்கிகோனியம் பெண் உறுப்பு. ஆண் உறுப்பு நனைந்து வெடித்ததும் இரண்டு கசையிழை கொண்ட விந்தணுக்கள் வெளியேறி, இலைகளின் மேல் படர்ந்த நீர்ப்படலத்தில் நீந்திப் போகின்றன. முட்டையோ இடம்பெயர்வதில்லை, தாயின் உடலுக்குள்ளேயே இருக்கும். ஆகவே நீர்த்தொடர்ச்சி இல்லையென்றால் கருவுறுதல் இல்லை. வெறும் நீச்சலால் விந்தணு கடக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். பாலிட்ரைக்கம் போன்றவை இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆண் செடியின் நுனி அகன்ற கிண்ணமாக இருக்கும். மழைத்துளி அதில் விழுந்து தெறிக்கும்போது விந்தணுக்களும் கூடவே தெறித்துப் பறக்கின்றன.

மழையைத் தவிர வேறு தூதரும் உண்டு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆண், பெண் மாஸ் திட்டுகளைச் சில சென்டிமீட்டர் இடைவெளியில் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். இடையில் துள்ளுவாலிப் பூச்சிகளையும் சிற்றுண்ணிகளையும் விட்டபோது மட்டும் கருவுறுதல் நிகழ்ந்தது. முடிவு 2006இல் வெளியானது. செரட்டோடான் பர்ப்பூரியஸ் என்ற மாஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு மணம் உண்டு, துள்ளுவாலிகள் பெண் செடியின் மணத்தையே அதிகம் நாடுகின்றன என்று 2012இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. பூவுக்கும் தேனீக்கும் உள்ள உறவு போன்ற ஒன்று, பூவே இல்லாத குலத்திலும் இருக்கிறது.

கருவுற்ற முட்டையில் இப்போது இரண்டு தொகுதி. அதிலிருந்து வளர்வது இரண்டாவது உடலான வித்தகத் தாவரம். இது மண்ணைத் தொடுவதே இல்லை. பாதம் என்ற பகுதியைத் தாயின் திசுவுக்குள் ஊன்றி, அங்கிருந்து நீரும் உணவும் பெற்று, மெல்லிய காம்பாக உயர்ந்து, உச்சியில் கேப்சூல் என்ற ஸ்போர்ப் பெட்டியைத் தாங்குகிறது. இளமையில் பச்சையாக இருந்து ஓரளவு தானும் உணவு ஆக்கும், ஆனாலும் கடைசிவரை தாயை விட்டுப் பிரியாது. கேப்சூலின் தலையில் இருக்கும் மெல்லிய தொப்பி தாயின் திசு. ஒற்றைத் தொகுதி உடலின் ஒரு துண்டு, இரட்டைத் தொகுதிப் பிள்ளையின் தலையில் இருந்து அதன் வளர்ச்சியைக் காக்கிறது. அதை முன்னதாகவே அகற்றிவிட்டால் பல இனங்களில் கேப்சூல் சரியாக உருப்பெறுவதில்லை.

கேப்சூலுக்குள் குன்றல் பகுப்பு நடந்து இரண்டு தொகுதி மீண்டும் ஒன்றாகிறது, ஸ்போர்கள் பிறக்கின்றன. முற்றியதும் மூடி கழல்கிறது. பெரும்பாலான மாஸ்களில் வாயைச் சுற்றிப் பெரிஸ்டோம் எனும் பற்கள் இருக்கும். நீலகிரியில் தீப்பட்ட நிலங்களில் கூட்டமாக வளரும் ஃபூனேரியாவில் வெளிவட்டத்தில் 16, உள்வட்டத்தில் 16. ஆக்டோபிளெஃபாரத்தில் 8. காற்றின் ஈரம் மாறும்போது இந்தப் பற்கள் வளைந்து நிமிர்ந்து ஸ்போர்களைச் சிறுகச் சிறுக வெளிவிடுகின்றன. நம் மதிலின் ஹையோஃபிலாவுக்கு இந்தப் பற்களே இல்லை. அதன் கேப்சூல் வாய் திறந்ததும் ஸ்போர்கள் காற்றில் உதிர்ந்துவிடும்.

ஈரல்செடியும் கொம்புச்செடியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் தட்டையாகப் படரும் மார்க்கான்சியா, ஈரல்செடிகளில் அதிகம் ஆராயப்பட்டது. ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு. ஆண் செடியின் காம்பு உச்சியில் மடல்கள் கொண்ட தட்டும், பெண் செடியின் காம்பு உச்சியில் சுற்றிலும் கதிர்கள் நீண்ட தலையும் இருக்கும். கேப்சூலில் ஸ்போர்களுக்கிடையே எலேட்டர் எனும் சுருள் இழைகள் உண்டு. அவை காயும்போது முறுக்கிக்கொண்டு ஸ்போர்களை உதறுகின்றன. அதன் காற்றறைகளுக்கு மேலே திறந்த துளைகள் இருக்கின்றன. ஆனால் எந்த ஈரல்செடியிலும் திறந்து மூடும் உண்மையான இலைத்துளை கிடையாது.

கேரளத்தில் ஈரல்செடியைக் காண மலையேறவும் வேண்டாம். நிழலான வெட்டுகல் மதில்களிலும் கிணற்று உட்சுவர்களிலும் மழைக்காலத்தில் சயத்தோடியம் தோன்றும். மிக மெல்லிய உடல். சாய்ந்து விழும் ஒளியில் மஞ்சள்பச்சையாகப் பளபளக்கும். இதில் ஒரு இனமான சயத்தோடியம் டியூபரோசம் கோடையைக் கிழங்குகளாக மண்ணுக்குள் கழித்து, அடுத்த மழையில் மீண்டும் விரிகிறது. வயல் வரப்பிலும் குளக்கரைச் சேற்றிலும் வட்டவட்டமாகப் படரும் ரிக்சியாவின் வித்தகத் தாவரம் இன்னும் எளியது. பாதம் இல்லை, காம்பு இல்லை, உடலுக்குள்ளேயே புதைந்த ஓர் உருண்டை மட்டும். ஸ்போர்களை வெளியேற்ற எந்தக் கருவியும் இல்லை. செடி மக்கும்போது அவை மண்ணில் கலந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. இந்த எளிமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விவாதத்தின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

கொம்புச்செடிகள் இருநூறு இனத்துக்குச் சற்று மேல். அவற்றின் கொம்புதான் வித்தகத் தாவரம். மாஸ், ஈரல்செடிகளின் வித்தகத் தாவரம் ஒருமுறை வளர்ந்து முடிந்துவிடும். கொம்போ அடியிலிருந்து தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும். நுனி பிளந்து ஸ்போர் உதிரும் அதே வேளையில் அடியில் புது ஸ்போர்கள் பிறந்துகொண்டிருக்கும். கொம்பின் மேல் இலைத்துளைகள் உண்டு. உடலின் குழிகளுக்குள் நாஸ்டாக் என்ற நீலப்பசும் பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பல இனங்களில் ஒரு செல்லுக்கு ஒரே பெரிய பசுங்கணிகம், அதற்குள் பைரினாய்டு எனும் புரதத் திரள். பாசிகளில் காணும் இந்த அமைப்பு நிலத்தாவரங்களில் இவற்றுக்கு மட்டுமே.

கலவி இல்லாமலும் பெருகும்

இத்தனை நுட்பமான சுழற்சி இருந்தும், மதிலில் பரவுவதற்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. ஹையோஃபிலாவின் இலைக்கக்கங்களில் பல செல்களால் ஆன ஜெம்மாக்கள் விளைகின்றன. மழை அவற்றைக் கழுவி இறக்கியதும் ஒவ்வொன்றும் புதுச் செடி ஆகும். மார்க்கான்சியாவின் முதுகில் இதற்கெனவே கிண்ணங்கள் இருக்கின்றன. அதன் ஜெம்மாவுக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற பிறவி வேறுபாடு இல்லை. தரையில் விழுந்தபின் ஒளி படும் பக்கம் மேலாகவும் மறுபக்கம் வேரி விடும் கீழாகவும் அமைகிறது.

இந்த மாற்றுவழியின் அவசியத்துக்கு ஒரு காரணம் உண்டு. பிரையோஃபைட்டு இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஆணும் பெண்ணும் தனிச் செடிகள். தாவர உலகில் பாலினக் குரோமோசோம் முதன்முதலில் கண்டறியப்பட்டதே ஸ்ஃபீரோகார்ப்பஸ் என்ற ஈரல்செடியில்தான், சார்லஸ் ஆலன் 1917இல் கண்டார். ஒற்றைத் தொகுதி உடலில் பாலினம் ஸ்போரிலேயே முடிவாகிவிடும். ஒரே தாய்ச்செல்லிலிருந்து வரும் நான்கு ஸ்போர்களில் இரண்டு ஆண், இரண்டு பெண். மதிலின் ஒரு மூலையில் பெண் ஸ்போர் மட்டும் விழுந்து பரவினால் அந்தத் திட்டில் கேப்சூல் வராது. ஆனால் ஜெம்மா வழியே திட்டு வளர்ந்துகொண்டே போகும்.

ஒற்றைத் தொகுதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. இரண்டு தொகுதி உள்ள உடலில் ஒரு மரபணு பழுதானால் இன்னொன்று அதை மறைக்கும். மாஸில் மறைப்பதற்கு ஆள் இல்லை, ஒவ்வொரு மரபணுவும் நேரடியாகச் சோதனைக்கு உள்ளாகிறது. ஆய்வுக்கூடங்கள் மாஸை விரும்புவதும் இதனால்தான். ஒரு மரபணுவை மாற்றினால் விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும். ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற மாஸின் மரபணுத்தொகுதி 2008இலும், மார்க்கான்சியாவினுடையது 2017இலும், கொம்புச்செடியான ஆந்தோசெராஸினுடையது 2020இலும் வெளியாயின. முன்னோரா, பங்காளியா என்ற பழைய வழக்கில் இவையே புதிய சாட்சிகள்.

படிக்கட்டுக் கதையும் அதன் எதிர்வாதமும்

பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஃபிரடெரிக் பவர் 1908இல் நிலத்தாவரங்களின் தோற்றம் பற்றி எழுதிய பெருநூலில் ஒரு வரிசை வைத்தார். தொடக்கத்தில் ரிக்சியா போல வெறும் ஸ்போர் உருண்டை. பிறகு ஸ்போர் ஆக வேண்டிய திசுவில் ஒரு பகுதி மலடாகி மார்க்கான்சியாவின் காம்பும் பாதமும் ஆனது. அது மேலும் வளர்ந்து கொம்புச்செடியின் தொடர்ந்து வளரும் கொம்பானது. அந்தக் கொம்பு ஒரு நாள் தாயை விட்டுத் தரையில் வேரூன்றிப் பெரணியானது. இந்த வரிசையின்படி ரிக்சியா அடிப்படி. இந்தியக் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் ரிக்சியா, மார்க்கான்சியா, ஆந்தோசெராஸ், ஃபூனேரியா என்று வரிசையாக வரைந்து பழகியதன் பின்னணி இதுதான்.

பாசிப் பக்கத்திலிருந்து இந்தப் படிக்கட்டுக்கு ஆதாரம் தேடியவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு கைகொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932இல் ஃபிரிட்சியெல்லா என்ற பாசியை விவரித்தார். ஈரமண்ணில் வாழ்வது. மண்ணுக்குள் ஒரு பகுதி, மேலே எழும் கிளைகள் ஒரு பகுதி என உடல் பிரிந்திருப்பது. நிலத்தாவரத்தின் மூதாதை இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பலர் கருதினர். இன்றைய மரபணு ஆய்வு ஃபிரிட்சியெல்லாவை வேறு கிளையில் வைக்கிறது. நிலத்தாவரங்களின் நெருங்கிய உறவு, பள்ளியில் நாம் வரைந்த ஸ்பைரோகைரா அடங்கிய பாசிக் குழு. ஆனாலும் நீரிலிருந்து நிலத்துக்கு மாறும்போது உடல் எப்படிப் பிரிவுபடும் என்பதற்கு ஐயங்காரின் பாசி இன்றும் நல்ல உதாரணம், ஏனெனில் அந்த வழியை அது தனியாகவே நடந்து வந்திருக்கிறது.

எதிர்வாதம் லாகூரிலிருந்து எழுந்தது. இந்தியப் பிரையோஃபைட்டு ஆய்வின் தந்தை எனப்படும் சிவராம் காஷ்யப், 1882 முதல் 1934 வரை வாழ்ந்தவர். மேற்கு இமயத்தில் அலைந்து அய்ச்சிசோனியெல்லா, செவார்டியெல்லா, ஸ்டீஃபன்சோனியெல்லா முதலிய புதுப் பேரினங்களை விவரித்தவர். மேற்கு இமயம், பஞ்சாப் சமவெளியின் ஈரல்செடிகள் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதி 1929இலும் இரண்டாம் பகுதி 1932இலும் வந்தன. இமயத்தில் தாம் கண்ட இனங்களை ஒப்பிட்டு 1919இல் அவர் வைத்த வாதம், பவரின் வரிசையை அப்படியே தலைகீழாக்கியது. ரிக்சியாவின் எளிமை தொடக்கம் அல்ல, முடிவு. சிக்கலான உடலிலிருந்து உறுப்புகள் ஒன்றொன்றாகக் குறைந்து குறைந்து இந்த நிலை வந்தது. பெரணி போன்ற தாவரங்களிலிருந்தே பிரையோஃபைட்டுகள் வந்தன என்றும் அவர் கருதினார். அந்தப் பகுதி நிற்கவில்லை. ஆனால் குறைந்து வந்தது என்ற பகுதி நூறு ஆண்டு கழித்து வலுப்பெற்றிருக்கிறது.

முதல் சாட்சி புதைபடிவம். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் சுமார் 40.7 கோடி ஆண்டுக்கு முந்தைய தாவரங்கள் செல் செல்லாகக் கல்லாகி நிற்கின்றன. அவற்றின் கேமீட்டகத் தாவரங்களை ரெமி தலைமையிலான ஜெர்மன் குழு 1980 முதல் விவரித்தது. அவை சிறியனவோ ஒட்டுண்ணியோ அல்ல. நிமிர்ந்து நின்றன, உள்ளே நீர் கடத்தும் திசுவும் இருந்தது. அக்காலத்தில் இரு தலைமுறைகளும் ஏறக்குறையச் சரிசமமாகத் தனித்து வாழ்ந்தன. அதிலிருந்து ஒரு கிளையில் ஒற்றைத் தொகுதி உடல் தலையெடுத்தது, மறு கிளையில் இரட்டைத் தொகுதி உடல் தலையெடுத்தது என்று படிப்பதே இயல்பு.  

இரண்டாம் சாட்சி டிஎன்ஏ. மாஸ், ஈரல்செடி, கொம்புச்செடி மூன்றும் படிப்படியாகப் பிரிந்த கிளைகள் என்றே 1990களில் நம்பப்பட்டது. 2014க்குப் பிறகு நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள், குறிப்பாக 2018இலும் 2020இலும் வந்தவை, மூன்றும் ஒரே பாட்டனின் பிள்ளைகள் என்று காட்டின. அந்தக் குடும்பமும் குழாய்த் தாவரக் குடும்பமும் அக்கம்பக்கமாகப் பிரிந்த இரு கிளைகள். 2020 ஆய்வு இன்னும் ஒன்று சொன்னது. இலைத்துளைக்கான மரபணுக்கள் பொது மூதாதையிடமே இருந்தன, பிரையோஃபைட்டுகள் அவற்றைப் படிப்படியாக இழந்தன, ஈரல்செடிகள் முழுவதுமாகவே இழந்தன. மூன்றாம் சாட்சி ரிக்சியா. மரபணு வரிசையில் அது ஈரல்செடிக் குலத்தின் அடியில் இல்லை. சிக்கலான உடல் கொண்ட மார்க்கான்சியாவின் உறவுக் கூட்டத்துக்குள், பிற்காலக் கிளையாக அமைகிறது. காஷ்யப் சொன்ன திசை ரிக்சியாவைப் பொறுத்தவரை சரியாகவே இருந்திருக்கிறது.

ஆகவே தீர்ப்பு பங்காளி என்பதே. அர்ஜென்டினாவில் கிடைத்த சுமார் 47 கோடி ஆண்டுப் பழமையான ஸ்போர்கள் நிலத்தாவரங்களின் தொடக்கத்தைக் காட்டுகின்றன. அப்போதிலிருந்து இரு குடும்பமும் ஒரே அளவு காலம் பரிணமித்திருக்கின்றன. குழாய்த் தாவரம் நீரைத் தேடிப் பிடித்து உயர்ந்தது. பிரையோஃபைட்டு நீர் வரும்போது வாழ்ந்து, வராதபோது நிறுத்தும் கலையில் தேர்ந்தது. இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கே இடமில்லை.

தெற்கின் பதிவேடு

நம் மலைகளில் இந்தத் தேடல் பழையது. நீலகிரியில் பெரோட்டே என்ற சேகரிப்பாளர் திரட்டியவற்றைப் பிரெஞ்சு அறிஞர் மொந்தாஞ் 1842இல் விவரித்தார். பழனிமலையில் கொடைக்கானலுக்கு அடுத்த செண்பகனூர் இயேசுசபைக் கல்லூரியில் இருந்த ஃபொரோ பாதிரியார் பல்லாண்டு மாஸ் சேகரித்தார். அவர் அனுப்பியவற்றை வைத்து ஐரோப்பிய அறிஞர்கள் புது இனங்களை விவரித்தார்கள், ஒரு பேரினத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பழனிமலை மாஸ்களின் பட்டியலை அவரே 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார். கேரளத்தில் வயநாட்டின் பிரையோஃபைட்டுகள் பற்றி மஞ்சு சி. நாயர், ராஜேஷ், மதுசூதனன் எழுதிய நூல் 2005இல் வந்தது. 

பொன்முடியையும் அகஸ்தியமலையையும் நோக்கி ஏறும்போது காட்சி மாறும். நகரத்து மதிலில் மாஸ்தான் பெரும்பான்மை. மழைக்காட்டில் இலைகள் கொண்ட ஈரல்செடிகள் கிளைகளை மூடுகின்றன. லெஜூனியேசி குடும்பத்தின் சிற்றினங்கள் வேறு தாவரத்தின் உயிருள்ள இலைமேலேயே ஒட்டி வளர்ந்து, அந்த இலை உதிரும் முன் தம் சுழற்சியை முடித்துக்கொள்கின்றன. காட்டின் காற்று ஈரமாக இருக்கும்வரைதான் அவை இருக்கும். மேலே மரவிதானம் திறந்து வெயில் இறங்கினால் முதலில் மறைவது அவையே.

எதையும் வடிகட்டாத உடல்

மெழுகுப் பூச்சும் வேரும் இல்லாததால் காற்றிலும் மழையிலும் வருவதெல்லாம் பிரையோஃபைட்டுகளின் உடலில் சேர்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாஸ்களைச் சேகரித்துக் காற்றிலுள்ள கன உலோகங்களை அளக்கின்றன. நமக்கு மறக்கக்கூடாத உதாரணம் கொடைக்கானல். அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடப்பட்டது. பாதரசம் காற்றில் எவ்வளவு பரவியது என்று அறிய ஹைதராபாத் அறிவியலாளர்கள் மாஸ்களையும் லைக்கன்களையும் பகுத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வு, பாதரசம் ஆலைச் சுவருக்கு வெளியே பரவியிருந்ததைக் காட்டியது. மரப்பட்டையில் ஒட்டியிருந்த செடிகள் சாட்சி சொல்லாவிட்டால் அந்தக் காற்றின் வரலாறு எங்கும் எழுதப்பட்டிருக்காது.

உலக அளவில் ஸ்ஃபாக்னம் என்ற மாஸ் தன் உலர்எடையைப் போல இருபது மடங்கு வரை நீர் பிடிக்கும். அது உருவாக்கிய சதுப்புகள் அடங்கிய கரிநிலங்கள் நிலப்பரப்பில் 3 சதவீதமே. ஆனால் அவற்றில் அடைபட்ட கரிமம் உலகக் காடுகளின் மரங்களில் இருப்பதைவிட அதிகம். மண்மேல் வாழும் மாஸ்கள் 94 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருப்பதாகவும், மாஸ் இல்லாத மண்ணைவிட அந்த மண்ணில் 643 கோடி டன் கரிமம் கூடுதலாக இருப்பதாகவும் 2023இல் ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது.

இவ்வளவையும் அறிந்தபின் இரண்டு மாற்றங்கள் வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஒன்று, பாடநூலில். ரிக்சியாவில் தொடங்கிப் பெரணியில் முடியும் படிக்கட்டை விட்டுவிட்டு, இரு தலைமுறைகளும் ஒரு காலத்தில் சமமாக இருந்ததிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். ஐயங்காரும் காஷ்யப்பும் ஃபொரோ பாதிரியாரும் அந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டும். ஃபார்மலினில் ஊறிய மாதிரியைக் காட்டுவதற்குப் பதில் துலாவர்ஷ மாதத்தில் மாணவர்களைப் பள்ளியின் மதிலடிக்கே கூட்டிப்போனால் புரோட்டோனீமாவிலிருந்து கேப்சூல் வரை எல்லாக் கட்டமும் ஒரு முழத்துக்குள் கிடைக்கும். இரண்டு, வீட்டில். நடைபாதையிலும் படியிலும் வழுக்கும் பச்சையை அகற்றத்தான் வேண்டும், முதியவர்கள் நடக்கும் இடம் அது. ஆனால் யாரும் கால் வைக்காத மதிலின் புறப்பக்கத்தில் பிளீச்சிங் பவுடருக்கு வேலை இல்லை. மாஸின் வேரிக்கு முதன்மை வேலை பற்றிக்கொள்வதுதான். கோவில் குளக்கரைகளையும் பழைய மதில்களையும் புதுப்பிக்கும்போது நிழலான ஒரு பகுதியைச் சிமெண்ட் பூசாமல் வெறும் கல்லாக விட்டுவைத்தாலே போதும், அதைச் செடியாக்கும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.